சுற்றுகிறது, பிடிக்கவில்லை: பழைய கார்புரேட்டர் காரில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி இது: 1977ஆம் ஆண்டு டாட்சன் 120ஒய். இரண்டு மூன்று வாரம் நிறுத்திவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இஞ்சின் பிடிப்பதில்லை. ஒரு நிமிடம் போராடிய பிறகு ஒருவழியாகப் பிடிக்கிறது. நன்றாக ஓடிச் சூடான காரை இருபது நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தாலும் அதே தொல்லை. பேட்டரி புதிது, பிளக்குகள் புதிது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறது பட்டறை. மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். நின்று கிடந்த காரில் ஃபுளோட் சேம்பரில், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணத்தில், உள்ள பெட்ரோல் வற்றிப்போகிறது. சூடான காரில் அதே பெட்ரோல் கொதித்து வழிகிறது. புது கார்புரேட்டர் போட்டாலும் இரண்டும் அப்படியே தொடரும். ஆனால் இது வெறும் ஊகம்தான். ஊகத்தை நம்பிப் பாகம் வாங்கக் கூடாது. கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்டர் பல்பு, ஒரு பழைய பிளக், ஒரு பெரிய ஊசிக்குழாய், ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு. அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்றாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். காற்றோட்டமுள்ள திறந்த இடத்துக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போங்கள். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்தபடி. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம், ஆனால் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள். கார்புரேட்டர் வழியாக இஞ்சின் ஒருமுறை திருப்பி வெடித்தால், முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவில் அந்தத் தகர டப்பாதான் இருக்கிறது. தீப்பொறிச் சோதனை முதலில், பெட்ரோல் சோதனை பிறகு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. பெட்ரோல் சிந்திய பிறகு தீப்பொறி தேடுவது ஆபத்து.

பேட்டரி புதிது என்கிறீர்கள். ஆனாலும் மூன்று வாரம் நின்றிருக்கிறது, ஒருமுறை அளந்துவிடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் ஏறக்குறையக் காலி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஸ்டார்ட்டர் சுற்றுவது போலத்தான் இருக்கும், ஆனால் பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலுக்குப் போதிய மின்சாரம் போகாது, பொறி மெலிந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவை இஞ்சின் உலோகத்தோடு சேர்க்கும் எர்த் இணைப்பையும் அளந்து பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இஞ்சின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். ரொம்ப மோசமான எர்த் உள்ள காரில் ஸ்டார்ட்டர் மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப வழி தேடும். கேபிள் உறை சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேறெதையும் பார்க்கும் முன் எர்த் பட்டையை மாற்றுங்கள்.

அடுத்து பொறி. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவிலிருந்து காயிலின் தடித்த வயரை உருவி, அதன் முனை இஞ்சின் உலோகத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்படி ரப்பர் பிடியுள்ள இடுக்கியால் பிடியுங்கள். கார்புரேட்டர் பக்கம் வேண்டாம். இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். நீல நிறத்தில் "டிக் டிக்" என்று காதில் விழும்படி பாய்ந்தால் காயில், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சுவிட்ச்), கண்டென்சர் (பாயிண்ட் முனைகள் கருகாமல் காக்கும் சிறு உருளை) மூன்றும் வேலை செய்கின்றன. மஞ்சளாக, நூல் போல மெலிந்து வந்தால் கண்டென்சர், பாயிண்ட், காயில் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். காயில் வயரில் பொறி நன்றாக இருந்து, பழைய பிளக்கை ஒரு சிலிண்டர் வயரில் மாட்டி உலோகத்தில் சாய்த்துப் பார்க்கும்போது பொறி இல்லை என்றால் கோளாறு ரோட்டர் (மூடிக்குள் சுழலும் கை), மூடி, வயர் இவற்றில் ஒன்றில்.

பொறியே இல்லையென்றால் டெஸ்டர் பல்பின் ஒரு முனையை எர்த்திலும் மற்றதைக் காயிலின் நெகட்டிவ் முனையிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பல்பு விட்டு விட்டு மினுக்கினால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவே இல்லை, அல்லது மூடியும் மின்சாரம் கடக்கவில்லை. முனைகளில் படிந்த அழுக்கு, அளவுக்கு மீறிய இடைவெளி, அறுந்த வயர் இவற்றில் ஏதாவது ஒன்று. எரியவே இல்லையென்றால் பல்பைக் காயிலின் பாசிட்டிவ் முனைக்கு மாற்றுங்கள். அங்கும் இல்லையென்றால் சாவி, ஃபியூஸ், வயர் வழியில் தேட வேண்டும். பாசிட்டிவில் எரிந்து நெகட்டிவில் எரியவில்லை என்றால் பாயிண்ட் எங்கோ எர்த்தோடு ஒட்டிக் கிடக்கிறது, அல்லது காயில் உள்ளே அறுந்துவிட்டது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கார்களில் பலவற்றில் காயிலுக்கு முன்னால் வெள்ளைப் பீங்கான் உறையுள்ள ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். சாவியைப் போட்டதும் பாயிண்ட் மூடியிருந்தால் காயிலின் பாசிட்டிவ் முனையில் 6 முதல் 9 வோல்ட் வரைதான் காட்டும். அது கோளாறில்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி முழு மின்சாரம் நேராகப் போகும். அதனால் ரெசிஸ்டர் அறுந்த காரில் அறிகுறி தெளிவாக இருக்கும்: சுற்றும்போது பிடிக்கும், சாவியை விட்ட கணமே அணைந்துவிடும். இந்த அறிகுறியைப் பார்த்தால் கார்புரேட்டர் பக்கமே போக வேண்டாம். காயில் மாற்ற நேர்ந்தாலும் கவனம் தேவை. ரெசிஸ்டருடன் வேலை செய்யும் காயிலின் முதன்மைச் சுற்று ஏறக்குறைய 1.5 ஓம். ரெசிஸ்டர் இல்லாமல் வேலை செய்யும் காயில் ஏறக்குறைய 3 ஓம். மாற்றிப் போட்டால் முன்னது பாயிண்ட்டைக் கருக்கும், பின்னது பொறியை மெலிய வைக்கும்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பாயிண்ட்டுக்கு வரும் நோய் தனி. தினமும் ஓடும் காரில் பாயிண்ட் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வாரக்கணக்கில் நிற்கும் காரில் முனைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் படியும். 1500ஆம் நம்பர் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி முனைகளுக்கு நடுவே இருமுறை இழுங்கள். பிறகு கான்டாக்ட் கிளீனரில் நனைத்த வெள்ளை அட்டையை இழுங்கள், துகள் தங்கக் கூடாது. இடைவெளி, 120ஒய்யின் ஏ12 இஞ்சினுக்கு, 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர். பாயிண்ட்டைத் திறக்கும் சுழல்மேடான கேமின் உச்சியில் பாயிண்ட்டின் குதி நிற்கும்போது ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளக்க வேண்டும். அந்தக் குதி தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் (பொறி பாயும் நேரம்) பின்னுக்குப் போகும். அதனால் இடைவெளியைத் திருத்திய பின் டைமிங்கைப் பார்க்காமல் விடக் கூடாது. கேமுக்கு அரிசியளவு கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் சூட்டில் உருகிப் பாயிண்ட்டில் தெறிக்கும்.

முனைகள் ஒரு பக்கம் குழி விழுந்து மறுபக்கம் மேடாகியிருந்தால் கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை அல்லது அது செத்துக்கொண்டிருக்கிறது. கண்டென்சர் பற்றி என் கருத்து: இப்போது விற்கும் புதியவற்றில் பல தரம் குறைந்தவை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றினால் எறியாமல் டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். சூடானதும் மட்டும் செத்துப்போவது கண்டென்சரின் வழக்கம், காயிலுக்கும் அதே வழக்கம். உங்கள் இரண்டாவது தொல்லைக்கு இது ஒரு சாத்தியக் காரணம், அதை மறக்காதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கோடு கிழித்தது போல இரண்டு முனைகளுக்கு நடுவே கருப்பு இழை தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது. துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும். நடுவிலுள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வருகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, மழையில் நனைந்த கார் காலையில் பிடிக்காமல் போவதற்கு மூடிக்குள் கோத்த ஈரமே பெரும்பாலும் காரணம். உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் விரட்டும் ஸ்பிரேயை லேசாக அடித்துத் திரும்பத் துடைத்தால் போதும். வயர்களைக் கழற்றினால், சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை 1-3-4-2. ரோட்டர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பிளக் இந்த இஞ்சினுக்கு என்ஜிகே பிபி5இஎஸ், இடைவெளி 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர். புதுப் பிளக்கை அளக்காமல் போடாதீர்கள்.

பொறி உறுதியானால் பெட்ரோல். உங்கள் முதல் தொல்லைக்கு விடை பெரும்பாலும் இங்கேதான்.

காலையில், இஞ்சினைத் தொடுமுன், ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சோக் தகட்டை (குளிர்ந்த இஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் மூடி) விரலால் திறந்து பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் நெம்புகோலை ஒருமுறை முழுக்கத் தள்ளுங்கள். ஊசிமுனை போன்ற குழாயிலிருந்து பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் ஃபுளோட் சேம்பர் காலி, அல்லது ஆக்சிலரேட்டர் பம்பின் தோல் காய்ந்திருக்கிறது. ஹிட்டாச்சி கார்புரேட்டரில் இதை ஊகிக்கவே வேண்டாம். ஃபுளோட் சேம்பரின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி சன்னல் இருக்கும், அதில் மட்டக் குறியும் உண்டு. இந்த அருமையான வசதியை அழுக்கு மூடியிருக்கும். துடைத்துவிட்டு, ஓட்டி நிறுத்தியவுடன் ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். இரண்டாவது முறை மட்டம் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

ஏன் வற்றுகிறது? ஃபுளோட் சேம்பருக்கு காற்றுத் துளை இருந்தே ஆக வேண்டும். இஞ்சினை அணைத்ததும் பானெட்டுக்குக் கீழ் சூடு ஏறும், முதல் ஒரு மணி நேரத்திலேயே கணிசமான பெட்ரோல் ஆவியாகிவிடும். மீதி அடுத்த வாரங்களில் போகும். இப்போதைய பெட்ரோல் இந்தக் கார்கள் தயாரான காலத்துப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகிறது. அப்புறம் சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுங்கள். ஸ்டார்ட்டர் இஞ்சினை நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று சுற்றும். பெட்ரோல் பம்பை இயக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி. ஆக நிமிடத்துக்கு நூறு தட்டுகளில் தொட்டியிலிருந்து இழுத்து, குழாயை நிரப்பி, ஃபில்டரை நிரப்பி, பிறகு சேம்பரை நிரப்ப வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு நிமிடப் போராட்டம் இதுதான். ஸ்டார்ட்டருக்குத்தான் பாவம். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

உறுதிசெய்யும் வழி எளிது. ஊசிக்குழாயில் 30 மில்லிலிட்டர் பெட்ரோல் எடுத்து, சேம்பரின் காற்றுத் துளைக் குழாய் வழியாக மெல்ல உள்ளே விடுங்கள். சிந்தியதைத் துடைத்து, ஏர் ஃபில்டரை மூடி, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்புங்கள். உடனே பிடித்துத் தொடர்ந்து ஓடினால் கார்புரேட்டர், பம்ப் இரண்டும் நலம், வற்றியதுதான் ஒரே காரணம். உடனே பிடித்து அரை நிமிடத்தில் அணைந்தால் பம்பிலிருந்து வரவு இல்லை. பிடிக்கவே இல்லை என்றால் பொறிக்கோ கம்ப்ரஷனுக்கோ திரும்பிப் போகலாம். ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரே வேண்டாம். அது கட்டுப்பாடின்றி வெடிக்கும், சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும்.

வரவு இல்லை என்று தெரிந்தால்: காயிலின் நடு வயரை உருவி எர்த்தில் கட்டிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிக் கண்ணாடிப் புட்டிக்குள் விட்டு, பத்து விநாடி சுற்றுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்ரோல் பலமாகப் பாய வேண்டும். நுரையும் குமிழியுமாக வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது. இது கண்ணில் படாத கோளாறு, ஏனென்றால் உறிஞ்சும் பக்கத்தில் வெடித்த ரப்பர் குழாய் வெளியே ஒழுகாது, காற்றை மட்டும் இழுக்கும். தொட்டிக்கு அருகே, காரின் அடியில், யாரும் பார்க்காத அந்தச் சின்ன ரப்பர் துண்டை மாற்றினாலே பல கார்கள் குணமாகும். புதுக் குழாய் வாங்கும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரம் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் தொட்டி மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டால் தொட்டியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பம்பின் டயாஃப்ராம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்திருந்தால் ஒரு பெரிய ஆபத்து உண்டு: பெட்ரோல் இஞ்சின் எண்ணெயில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். மட்டம் கூடியிருந்து பெட்ரோல் வாடையும் வந்தால் இஞ்சினைச் சுற்றவே கூடாது. பம்பையும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும்.

புட்டியில் பிடித்த பெட்ரோலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கண்ணாடி மணி போல உருண்டு நிற்பது தண்ணீர். அரைகுறையாக நிரம்பிய தொட்டியின் சுவரில் இரவு பகல் வெப்ப மாற்றத்தில் ஈரம் கோத்து வடிவதால் வருவது அது. அதனால் நிறுத்திவைக்கும் காரின் தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது. வார்னிஷ் போல வாடை அடித்தால் பெட்ரோல் பழசாகிவிட்டது. வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். நம் வடிகால்கள் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. பட்டறையில் கொடுத்தால் கழிவாக அப்புறப்படுத்துவார்கள். இன்னொன்று: 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் சுலபமாகப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆக்டேன் எண் இஞ்சின் தட்டுவதைத் தடுக்கும் ஆற்றலைக் குறிப்பது, பிடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த இஞ்சினுக்கு 95 தாராளம்.

சோக் பற்றிச் சுருக்கமாக. 28 டிகிரி காலையிலும் வாரக்கணக்கில் நின்ற இஞ்சினுக்குச் சோக் வேண்டும், ஆனால் சில விநாடிகளுக்குத்தான். பிடித்ததும் பாதி உள்ளே தள்ளுங்கள், ஒரு நிமிடத்தில் முழுக்க. முழுச் சோக்கில் விடாமல் சுற்றினால் பிளக் நனைந்துவிடும். கேபிளை முழுக்க இழுத்தும் தகடு மூடவில்லை என்றால் கேபிளைப் பிடிக்கும் திருகு நழுவியிருக்கும், இறுக்கினால் சரி.

இனி உங்கள் இரண்டாவது தொல்லை. ஏ12 இஞ்சினில் கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (எரிந்த புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுதி) மேலேயே, ஏனெனில் உள்வழியும் வெளிவழியும் சிலிண்டர் தலையின் ஒரே பக்கத்தில் உள்ளன. ஓடும்போது வருகிற குளிர்ந்த பெட்ரோலும் காற்றும் சேம்பரைக் காப்பாற்றும். அணைத்த பிறகு இரண்டும் நின்றுவிடும், கீழிருந்து சூடு ஏறும். பத்து முதல் முப்பது நிமிடம் வரைதான் மோசமான நேரம். அதற்குள் எடுத்தால் சேம்பரில் கொதித்த பெட்ரோல் உள்வழி மேனிஃபோல்டுக்குள் வழிந்து கிடக்கும். இஞ்சினுக்கு பெட்ரோல் குறைவால் வந்த தொல்லை இது அல்ல, மிகுதியால் வந்தது. நம்மவர்கள் இங்கேதான் சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்து நிலைமையைக் கெடுக்கிறார்கள். ஒவ்வொரு மிதியும் ஆக்சிலரேட்டர் பம்பால் இன்னும் கொஞ்சம் பீச்சும்.

சரியான முறை: சோக் முழுக்க உள்ளே. ஆக்சிலரேட்டரை மெல்லத் தரைவரை மிதித்து அப்படியே பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஏழெட்டு விநாடி சுற்றுங்கள். முழுக்கத் திறந்த வழியில் காற்று நிறையப் போகும், ஜெட்டுகளிலிருந்து (பெட்ரோல் வரும் நுண்துளைகள்) பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் குறையும், மிகுதி வெளியேறும். முதலில் தடுமாறிப் பிடித்து, கருப்புப் புகை தள்ளிவிட்டுச் சீராக ஓடினால் நோய் இதுதான். சன்னலில் மட்டம் தெரியவில்லை, பெட்ரோல் வாடையும் இல்லை என்றால் அது வேறு: பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகித் தடை போட்டிருக்கிறது. ஈரத்துணியைப் பம்பின் மேல் ஐந்து நிமிடம் போர்த்திப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் தண்ணீர் படவே கூடாது, சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

சூட்டில் பிடிக்காத கோளாறை, அது இருக்கும்போதே சோதிக்க வேண்டும். குளிர்ந்த பிறகு பட்டறைக்குப் போனால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் அடுத்த முறை வழியில் அடம்பிடிக்கும்போதே, முதலில் பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். வாடை இல்லையென்றால் காயில் வயரில் பொறியைப் பாருங்கள். பெட்ரோல் வாடை வரும் இடத்தில் பொறிச் சோதனை வேண்டாம், முழு ஆக்சிலரேட்டர் முறை போதும். வாடையும் இல்லை, பொறியும் இல்லை என்றால் கண்டென்சரும் காயிலும் குற்றவாளிகள்.

நிரந்தரத் தீர்வுக்கு முதலில் கார்புரேட்டருக்கும் உள்வழி மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள தடித்த பேக்லைட் தட்டு இருக்கிறதா பாருங்கள். யாரோ ஒருகாலத்தில் கழற்றிவிட்டுக் காகித கேஸ்கெட் மட்டும் போட்டிருக்கலாம். அதற்கடியில் தகரத் தடுப்பு இருக்க வேண்டும். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டையோ ரேடியேட்டர் ஹோஸையோ தொடாமல் விலகிப் போகட்டும். ஃபுளோட் மட்டம் கோட்டுக்கு மேலிருந்தால் கொதித்து வழிவது இன்னும் சுலபம். மின்சாரப் பம்ப் மாட்டுவது முதல் தொல்லைக்கு மருந்துதான், காலையில் சாவி போட்டதும் சேம்பரை அதுவே நிரப்பிவிடும். ஆனால் 2.5 முதல் 3.5 பிஎஸ்ஐ வரை மட்டும் தரும் கார்புரேட்டர் ரகமாக இருக்க வேண்டும். சேம்பர் நிரம்பியதும் பெட்ரோல் வரவை மூடும் ஊசி வால்வு அதற்கு மேல் தாங்காது. இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40 பிஎஸ்ஐ தள்ளும், இஞ்சினைப் பெட்ரோலில் மூழ்கடிக்கும். விபத்தில் தானே நிற்கும் சுவிட்ச் இல்லாமல் மாட்டவே கூடாது.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எர்த் செய்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு தட்டுகள் சுற்றுங்கள். 150 பிஎஸ்ஐக்கு மேல் ஆரோக்கியம், 100க்குக் கீழ் பிடிப்பது கடினம். பெட்ரோலில் மூழ்கிய இஞ்சினில் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு எண் குறைந்து காட்டலாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளங்கள். எண் ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு. டேப்பெட் (வால்வு) இடைவெளி சூடான நிலையில் 0.35 மில்லிமீட்டர். மோரிஸ் மைனர், பழைய மினி போன்ற வார்ப்பிரும்புத் தலை உள்ள கார் வைத்திருப்போர் இதை அடிக்கடி அளக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 1998இல் நின்றது முதல், கடினப்படுத்தாத வால்வு இருக்கைகள் தேய்ந்து இடைவெளி சுருங்குவது அவற்றின் நோய். டாட்சனின் அலுமினியத் தலையில் தனி இருக்கை பொருத்தியிருப்பதால் அந்தக் கவலை குறைவு.

35 வயதைக் கடந்த கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் உங்கள் கார் இருந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடும், மற்ற நாளெல்லாம் நிற்கும். அதனால் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. அது கெடுதல். எண்ணெய் சூடாகுமுன் அணைப்பதால் ஈரம் இஞ்சினுக்குள்ளேயே தங்கும், பிளக்கில் கரி படியும். நிறுத்திய வாகனத்தில் இஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றமும்கூட. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, எடுக்கும் நாளில் ஊசிக்குழாயால் சேம்பரை நிரப்பிச் சாவியைத் திருப்புவதே மேல்.

விரைவுச்சாலையில் நின்றுபோனால் பானெட்டைத் திறந்து சோதிக்கும் இடம் அதுவல்ல. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் உருட்டிப் பிடிக்க வைப்பதும் வேண்டாம். இஞ்சின் ஓடாதபோது பிரேக் சர்வோ (மிதிப்பை இலகுவாக்கும் கருவி) உள்ள காரில் பிரேக் கல்லாக இறுகும்.

இத்தனைக்குப் பிறகும் விரல் கார்புரேட்டரைத்தான் காட்டுகிறது என்றால், அறிகுறி இவற்றில் ஒன்றாக இருக்கும்: சோக்கோடு ஓடி, சோக்கைத் தள்ளியதும் அணைகிறது, அல்லது சன்னலில் மட்டம் கோட்டைத் தாண்டி நிற்கிறது. முன்னதற்குக் காரணம், மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. ஐடில் சொலினாய்டு (அந்த வழியைத் திறக்கும் மின்வால்வு) உள்ள ரகத்தில் சாவி போடும்போது அது "டக்" என்று சத்தம் போடுகிறதா என்று முதலில் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் வயர்தான் கழன்றிருக்கும். பின்னதற்கு ஊசி வால்வில் தூசி, அல்லது ஓட்டை விழுந்த ஃபுளோட். ஃபுளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்கும்.

அப்போதும் முழுக் கார்புரேட்டர் தேவையில்லை, ரிப்பேர் கிட் போதும். 120ஒய்க்கான கிட் மலேசியாவில் எளிதாகக் கிடைக்கிறது, அங்கே இந்தக் கார் இன்னும் நிறைய ஓடுகிறது. கழற்றும் ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். ஜெட்டுகளின் மேல் எண் பொறித்திருக்கும், எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். ஜெட்டுக்குள் கம்பியை விடவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் கலவை கெடும். கார்ப் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். பூட்டும்போது பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருத்தும் மிக்சர் திருகை மெல்ல அடிவரை திருகி, அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 700 சுற்று அளவில் சீராக நிற்கும்வரை அதை நேர்த்தி செய்யலாம். அந்த நேரத்தில் ஏர் ஃபில்டர் மாட்டியிருக்கட்டும், அது இல்லாமல் வைத்த மிக்சர் அதை மாட்டியதும் மாறிவிடும்.